மாட்ட மேய விடுறதா கட்டி வளக்கிறதா? எங்கட பட்டிக்காரர் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பெரும்போகத்துக்கு வட்டையில, அதான் வயல்வெளியில, விதைப்புத் தொடங்கினா மாடு கண்டெல்லாம் மேச்சத்தரைக்கு ஏறணும், அறுவடை முடிஞ்சா மறுகா வயலுக்கு இறங்கணும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில பட்டி வச்சிருக்கிற எல்லா வீட்டுக்கும் வருசக்கணக்கு இதுதான். நான் அப்பாட பட்டியோட வளந்தவன், இப்பவும் நாப்பதுக்கு மேல மாடு நிக்குது, அதால சொந்தக்காரரும் தெரிஞ்ச பொடியன்மாரும் கேட்டுக்கொண்டே இருக்காங்க, மேய விடுறது மாட்டுக்கு நல்லமா, கொட்டில் போட்டுக் கட்டினா என்ன எண்டு. ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்பச் சொல்றத ஒரே இடத்தில எழுதி வச்சிட்டன்.

மேய விட்டா மாடு உண்மையாவே சுகமா இருக்குமா, இல்ல பழைய ஆக்கள் சும்மா சொல்றதா?

உண்மைதான். 2017ல வட அயர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகள எல்லாம் கூட்டி வச்சுப் பாத்தாங்க. வருசம் முழுக்க கொட்டிலுக்க நிக்கிற பால்மாட்ட விட மேயுற மாட்டுக்கு நொண்டுறது குறைவு, குளம்புப் புண் குறைவு, மடிவீக்கம் குறைவு, கண்டு போட்ட பிறகு கர்ப்பப்பையில வாற நோயும் குறைவு, சாவும் குறைவு எண்டுதான் எழுதினாங்க. யோசிச்சா விளங்கும். சீமெந்துத் தரையில சாணியும் மூத்திரமும் ஊற ஊற நிண்டா குளம்பு மெத்துப்போயிரும், மடி சாணியில படும், படுத்து எழும்புறப்ப முழங்கால் தேயும். மண் தரையில இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல.

ஆனா அவங்கட மேய்ச்சல் வேற, எங்கட மேய்ச்சல் வேற. அங்க அடைச்ச காணிக்குள்ள புல்லு நிக்கும், தண்ணித் தொட்டி பக்கத்தில இருக்கும். எங்கட மாடு ஆவணி மாசம் காய்ஞ்ச தரையில மைல் கணக்கில நடந்து புல்லுத் தேடுது. அதால நான் எப்பவும் சொல்றது, மேய்ச்சல் எண்டா புல்லு மட்டும் இல்ல, மேய நேரம், குடிக்கத் தண்ணி, ஒதுங்க நிழல், பயமில்லாத தரை, இந்த நாலும் சேந்தாத்தான் அது மேய்ச்சல். இதில எது குறைஞ்சாலும் வெளியில விட்ட மாடும் கட்டின மாடு மாதிரித்தான் வாடும்.

மாட்டுக்கும் டென்ஷன் வருமா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வரும். மனிசனுக்கு மாதிரித்தான், பயம், வெக்கை, பசி, நெருக்கம் எதுவா இருந்தாலும் கோர்ட்டிசோல் எண்ட ஹோர்மோன் ரத்தத்தில ஏறும், ஆராய்ச்சிக்காரர் அத ரத்தத்தில மட்டும் இல்ல, பாலில, சாணியில, மயிரிலயும் அளக்கிறாங்க. கொஞ்ச நேரம் ஏறி இறங்கினா பிரச்சினை இல்ல, கிழமைக்கணக்கா இருந்தா நோயெதிர்ப்புச் சக்தி விழுந்திரும், சினை பிடிக்கிறதும் பிந்தும்.

எங்களிட்ட லேப் இல்ல, கண்ணு இருக்கு. சுகமான மாடு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல அசைபோடும். மத்தியானம் நிழலில பட்டி படுத்திருக்கிற நேரம் போய்ப் பாருங்க, படுத்துக் கிடக்கிறதில கனக்க மாடு வாய ஆட்டிக்கொண்டு இருக்கணும். வாய் ஆடாம தலையத் தொங்கப்போட்டு நிண்டா என்னமோ இருக்கு. மூச்ச எண்ணுங்க, விலாப்பக்கம் ஏறி இறங்குறது ஒரு நிமிசத்துக்கு அறுவதுக்கு மேல போனா வெக்கை பிடிச்சிட்டு எண்டு அர்த்தம்.

மற்றது பால். பால் கறக்கிற நேரம் மாடு பயந்திருந்தா அட்ரினலின் ஊறும், அது பால் இறங்க வைக்கிற ஒக்சிடோசின வேலை செய்ய விடாது, மடியில பால் இருக்கும், இறங்காது. ஒரு ராவு எங்கட பட்டிக்குக் கிட்ட ஆனை வந்து விடிய விடிய ஆனைவெடி போட்டாங்க, அண்டைக்குக் காலையில கண்ட ஊட்ட விட்டும் பால் இறங்கல்ல, மாமாவுக்கு வந்த கோபத்தில மாட்டுக்கு ரெண்டு அடியும் விழுந்திச்சி, அதோட இருந்த கொஞ்சமும் போயிட்டு. பால மறிக்கிற மாட்டுக்கு அடிக்கவே அடிக்காதீங்க, தயவுசெய்து. அது வேணுமெண்டு மறிக்கிறதில்ல.

மாட்டுட்டயே கேட்டா மேய்ச்சலா கொட்டிலா எண்டு எதச் சொல்லும்?

கேட்டுப் பாத்திருக்காங்க. கனடாவில பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆக்கள், கொட்டிலுக்க நிண்ட பால்மாடுகளுக்கு பாரம் கட்டின கேற் ஒண்ட வச்சாங்க, அதத் தள்ளித் திறந்தாத்தான் வெளிய புல்தரைக்குப் போகலாம், பாரத்தக் கூட்டிக்கூட்டிப் போனாங்க. 2017ல வந்த முடிவு என்னெண்டா, பசியில புதுத் தீனிக்கு எவ்வளவு பாரம் தள்ளிச்சோ அதேயளவு பாரத்த மேய்ச்சலுக்குப் போறதுக்கும் தள்ளியிருக்கு, அதுவும் ராவையில இன்னும் கூடத் தள்ளியிருக்கு. ராவு எண்டதக் கவனிங்க, அடுத்த கேள்விக்கு அது வேணும்.

நாங்களும் மேயத்தானே விடுறம், ஏன் மாடு தேறுதில்ல?

எத்தின மணிக்கு அவிழ்த்து விடுறீங்க? என்னட்ட இத ஆரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கிற முதல் கேள்வி இதுதான்.

எங்கட வழமை தெரியும்தானே, பொழுதுபட மாட்டப் பட்டிக்க அடைப்பம், கண்ட வேற கட்டுவம், காலையில பால் கறந்து பால்காரர் எடுத்திட்டுப் போன பிறகு எட்டு ஒம்பது மணிக்குத்தான் திறப்பம். மாட்டுட உடம்புக் கணக்கு அப்பிடி இல்ல. மாடு ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் அளவில மேயும், அதில கனக்க நேரம் வெள்ளாப்பிலயும் பொழுதுபடுற நேரத்திலயும்தான், வெயில் ஏற ஏற மேய்ச்சல விட்டிட்டு நிழலுக்கு ஒதுங்கி அசைபோடத் தொடங்கிரும். நாங்க அது மேய விரும்புற ரெண்டு நேரத்திலயும் கம்பிக்க அடைச்சு வச்சிட்டு, அது ஒதுங்க விரும்புற நேரத்தில வெளிய துரத்துறம். ஒம்பது மணி வெயிலில வெளிய வந்த மாடு ரெண்டு மணித்தியாலம் மேயும், மறுகா மரத்தத் தேடும், மூண்டு மணிக்குப் பிறகு திரும்ப மேயத் தொடங்கக்குள்ள பட்டிக்குச் சாய்க்கிற நேரம் வந்திரும்.

இதுதான் எங்கட பக்கத்து மாட்டுட பெரிய பட்டினி. புல்லு இல்லாத பட்டினி ரெண்டாவது.

நாங்க செஞ்சது இதுதான். கறவை இல்லாத மாடு, கிடாரி, நாம்பன் எல்லாத்தையும் வேறயாக்கி அஞ்சரைக்கே திறந்து விட்டம், அதுகள் பால் கறந்து முடியிற வரைக்கும் காத்து நிக்கத் தேவையில்லையே. கறவை மாட்ட நாலரைக்கே கறக்கத் தொடங்கி ஆறரைக்கு முதல் விட்டம், டோர்ச் லைட்டும் ஒரு ஆளும் கூடச் செலவு. பின்னேரம் கடைசி வெளிச்சம் வரைக்கும் மேய விட்டம். ஒரு கோடைக்குள்ள மாட்டுட விலா எலும்பு தெரியிறது குறைஞ்சிட்டு, தீனி ஒண்டும் கூட வாங்கல்ல. ஆனை நடமாட்டம் இருக்கிற பக்கம் ராவு மேய்ச்சல் சரிவராது, எனக்குத் தெரியும், ஆனா வெள்ளாப்பு ஒரு மணித்தியாலத்தயாவது மாட்டுக்குத் திருப்பிக் குடுக்கலாம்.

கச்சான் காத்து அடிக்கிற காலத்தில என்ன செய்யிறது?

வைகாசி பிறந்து மேற்கில இருந்து வாற சூடான கச்சான் வீசத் தொடங்கினா மட்டக்களப்பு அடுப்பு மாதிரித்தான். வெக்கையும் காத்தில இருக்கிற ஈரமும் சேத்துக் கணக்குப் பாக்கிற சுட்டெண் ஒண்டு இருக்கு, பால்மாட்டுக்கு அது 72 தாண்டினா கஷ்டம் தொடங்குது எண்டு எடுப்பாங்க. 33 டிகிரி வெக்கை, 65 வீத ஈரப்பதன் எண்டா கணக்கு 85 அளவில வரும். விடியப்பறம் 26 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதன் 85 வீதமா இருந்தாலும் 77. அதாவது ராவிலயும் உடம்பு முழுசா ஆறுதில்ல.

அதால நிழல். தகரக் கூரை போட்டு மாட்டுக்கு நிழல் குடுத்தம் எண்டு சிலர் சொல்றாங்க, பதிவான தகரம் மத்தியானம் மேல இருந்து வாட்டும், மரநிழல் போல வராது. மருதமோ வேம்போ புளியோ, மேச்சத்தரையில நிக்கிற பெரிய மரம் ஒண்ட விறகுக்கு வெட்டினா நாப்பது மாட்டுட மத்தியானத்த வெட்டின மாதிரி. எருமைக்கு வியர்வைச் சுரப்பி சரியான குறைவு, தோலும் கறுப்பு, அதுக்கு நிழல் மட்டும் காணாது, கிடக்கிறதுக்குச் சேத்துத் தண்ணி வேணும். மடு வத்தின இடத்தில எருமை வச்சிருக்கிறது அதுக்குச் செய்யிற அநியாயம்.

ஜேர்சி கலப்பு வாங்கினன், அதயும் பட்டியோட விடலாமா?

நாட்டு மாட்டுத் தோல் மெல்லிசா, மயிர் கட்டையா, வியர்வை கூட, உடம்புக்குள்ள உண்டாகிற சூடும் குறைவு, நடந்து பழகினது. சாஹிவால் கலப்பும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஜேர்சி பரவாயில்ல. பிரீசியன் இரத்தம் கூடின மாட்ட மட்டும் கச்சான் காலத்தில படுவான்கரை வெளியில விடாதீங்க, அது கூடப் பால் தாற மாடு, கூடத் தின்னும், தின்னிறது வயித்துக்க நொதிக்கிறப்பவே சூடு உண்டாகும், வெளி வெக்கையும் சேந்தா தீனிய விட்டிரும். அதுக்கு வெள்ளாப்பிலயும் பின்னேரமும் கிட்டடி மேய்ச்சல், பகலில காத்தோட்டமான கொட்டில், அரிஞ்ச கோ-3 எண்ட தீனிப்புல்லு. கொட்டில் எண்டா நாலு சுவரும் எழுப்பி அடைக்கிறதில்ல, கூரை உயரமா சுவர் இல்லாம.

தண்ணி எவ்வளவு குடுக்கணும்?

நாட்டு மாட்டுக்கு 30, 40 லீட்டர், பால் கூடின மாட்டுக்கு வெக்கையில 80க்கு மேலயும் போகும். ஒரு நாளைக்கு ஒருக்கா குளத்துக்குச் சாய்ச்சா காணும் எண்டு நினைக்காதீங்க, ரெண்டு தரமாவது வேணும். தண்ணி காணாட்டி மாடு முதல் செய்யிறது தின்னிறதக் குறைக்கிறது, புல்லு இருந்தும் மெலியும்.

மேய விட்டா புழுவும் உண்ணியும் வருதே, அப்ப கட்டுறது நல்லம்தானே?

மேய்ச்சலுக்கு இருக்கிற உண்மையான குறை இதுதான், மறைக்கத் தேவையில்ல. வட்டப்புழுட குஞ்சு சாணியில இருந்து வெளிய வந்து ஈரப்புல்லில ஏறி நிக்கும், கனக்க அடிப்பக்கம் நாலு விரல் உயரத்துக்குள்ளதான். தரையோட ஒட்ட மேயுற மாட்டுக்குத்தான் அது கூடப் போகும், அதால புல்லு சாணுக்குக் கீழ போக முதல் இடத்த மாத்திரணும். ஈரல்ல வாற தட்டைப்புழு நத்தையால வாறது, குளத்து ஓரம், வாய்க்கால், சதுப்பு, அறுவடை முடிஞ்ச ஈர வயல் எல்லாம் அதுக்கு வீடு. அதால வயல்ல மேஞ்சு முடிஞ்ச கையோட தட்டைப்புழுவுக்கும் சேத்து மருந்து கேளுங்க, எல்லாப் புழு மருந்தும் தட்டைப்புழுவக் கொல்லாது. ஒரே மருந்த வருசக்கணக்கா குடுத்தா புழு பழகிப்போயிரும்.

உண்ணி கடிச்சா ரத்தத்தில கிருமி வந்து மூத்திரம் கோப்பித்தண்ணி மாதிரிப் போகும், அது அவசரம், அண்டைக்கே வெட்னரி ஆபிசுக்குச் சொல்லணும். நாட்டு மாடு உண்ணிய ஓரளவு தாங்கும், கலப்பு மாடு தாங்காது. மாட்டுக்குப் பின்னால திரியிற உண்ணிக்கொக்கக் கல்லால எறியிற பிள்ளைகள மறிச்சு விடுங்க, அது மாடு கிளப்பி விடுற பூச்சியப் பிடிச்சுத் தின்னிற பறவை.

எல்லாப் பட்டியும் ஒரே மேச்சத்தரையில கலந்தா நோய் பரவாதா?

பரவும். 2020ல தோல் கழலை நோய் வடக்கில தொடங்கி இஞ்சயும் வந்து சேந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கோமாரி, தொண்டை அடைப்பான், இதெல்லாத்துக்கும் தடுப்பூசி இருக்கு, மேச்சத்தரைக்கு ஏத்துறதுக்கு முதல், மாடு ஒண்டா நிக்கிற நேரமே போட்டிரணும், ஏறின பிறகு காட்டுக்க தேடிப் பிடிக்கிறது மாட்டுக்கும் ஆக்களுக்கும் பாடு.

தொண்டை அடைப்பான்ல ஒரு விசயம். அந்தக் கிருமி சில மாட்டுட தொண்டையில சத்தமில்லாமக் குடியிருக்கும், மழை நனைஞ்சு, பட்டினி கிடந்து, தூர நடந்து களைச்சு, உடம்பு தளர்ற நேரத்திலதான் எழும்பும். எருமைதான் முதல் விழும், சிலது ஒரே நாளுக்குள்ள. மாரி தொடங்குற நேரத்தில இது வாறதுக்குக் காரணம் அந்த அலைச்சல்தான், டென்ஷன் வேற நோய் வேற எண்டு பிரிக்கேலாது.

காலத்துக்கு முதல் கண்டு விழுத்துற மாடு இருந்தா புரூசெல்லோசிஸ் எண்டு சந்தேகப்படுங்க. விழுந்த கண்டையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால தொடாதீங்க, ஆழமாத் தாட்டிருங்க, பாலக் கொதிக்க வைக்காமக் குடிக்காதீங்க, அது மனிசனுக்கும் வரும்.

2022 மார்கழியில மாடு செத்ததுக்குக் காரணம் நோயா?

மாண்டஸ் புயல் போன அந்தக் கிழமை வடக்கிலயும் கிழக்கிலயும் கனக்க மாடும் ஆடும் செத்துது, குளிர்தான் காரணம் எண்டு பிறகு சொன்னாங்க. எங்கட மாடு வெக்கைக்கு வளந்தது, மெல்லிசு மயிர், மழையில நனைஞ்சா அந்த மயிரால ஒரு பிரயோசனமும் இல்ல, அதுக்கு மேல விடாம வாடைக்காத்து. கொழுப்பு இல்லாத மெலிஞ்ச மாடு, கிழட்டு மாடு, கண்டு, இதெல்லாம்தான் முதல் விழுந்துது. விடியப் போய்ப் பாக்கக்குள்ள கண்டு தாய்க்குப் பக்கத்தில விறைச்சுக் கிடந்தத நான் இன்னும் மறக்கல்ல. மாரிக்கு முதல் மாட்டத் தேத்தி வைக்கிறதும், மேட்டில வாடைப்பக்கம் மறைச்சு ஓலையாலயோ தறப்பாளாலயோ ஒரு தடுப்புப் போடுறதும், வெள்ளாமைக்கு உரம் வாங்குற மாதிரி கட்டாயச் செலவு எண்டு எடுங்க.

மேச்சத்தரைப் பிரச்சினைக்கும் மாட்டுச் சுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 2023 செப்டம்பரில மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேச்சத்தரைய வேற ஆக்கள் பிடிச்சுப் பயிர் செய்யிறத எதிர்த்து எங்கட பண்ணையாளர்கள் சித்தாண்டியில ரோட்டோரம் குந்தினது காணிக்காக மட்டும் இல்ல, அம்பாறை மாவட்டத்தில வட்டமடுப் பக்கமும் பண்ணையாளர் இதே கஷ்டத்தத்தான் கன காலமாச் சொல்றாங்க. பெரும்போகத்தில வயல் முழுக்கப் பயிர், மாட்டுக்கு வேற இடமே இல்ல. மேச்சத்தரை சுருங்கினா அதே மாடு சின்ன இடத்தில நெருங்கும், புல்லு தரையோட போகும், புழு கூடும், தண்ணிக்கு முட்டுப்படும், பலமில்லாத மாட்ட பலமான மாடு ஒதுக்கும்.

பயம் இன்னொண்டு. தட்டினா வெடிக்கிற மாதிரிக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கில கால் போன மாடு, தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற வாய்வெடி கடிச்சு நாடி சிதறின மாடு, இதெல்லாம் நான் கண்ணால கண்டிருக்கன். வாய் சிதறின மாடு தண்ணிகூடக் குடிக்க ஏலாம நாள்கணக்கா நிண்டுதான் சாகும். சத்தத்துக்கு ஒருக்காப் பயந்த பட்டி அந்தப் பக்கம் மேயப் போகாது, புல்லு இருந்தாலும். மாட்ட நிம்மதியா மேய விடாத ஒரு இடத்தில பால் உற்பத்தியக் கூட்டுறது எப்பிடி எண்டு கூட்டம் வச்சுக் கதைக்கிறதில எனக்கு உண்மையா வயிறு எரியுது.

மாட்டுக்குக் குறி சுடுறது டென்ஷன் இல்லையா?

டென்ஷன்தான், நோவும்தான், சுட்ட புண் ஆற கிழமைக்கணக்கு எடுக்கும். ஆனா களவு போற மாட்ட அடையாளம் காட்ட குறிதான் நிக்கும் எண்டு பட்டிக்காரர் சொல்றதையும் நான் தள்ள மாட்டன். சுடுறதெண்டா உடம்பு முழுக்க எழுத்து எழுதாம சின்னக் குறியா ஒரு இடத்தில, மழையில்லாத காலத்தில, இலையான் மொய்க்காம மருந்து போட்டுப் பாருங்க. காதுத்தகடு குத்துறது நோவு குறைவு.

அறுவடை முடிஞ்ச வயல்ல மேஞ்சா காணுமா?

முதல் ரெண்டு மூண்டு கிழமை நல்லம், வரம்புப் புல்லும் முளைச்சு வாற தாளும் இருக்கும். பிறகு வெறும் வைக்கோல். முந்திச் சூடடிச்ச காலத்தில வைக்கோல் போர் போராக் கிடந்துது, இப்ப மெசின் வெட்டுறதால வயலுக்க பரந்து கிடந்து நெருப்புத்தான் வைக்கிறாங்க, அத எரிக்காம கட்டிக்கொண்டு வந்து வைங்க. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவ 100 லீட்டர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, காத்துப் போகாம மூடி பத்து நாள் வச்சிட்டுக் குடுத்தா மாடு விரும்பித் தின்னும், செமிக்கிறதும் கூடும். பிரிச்ச உடன குடுக்காம கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. கரைச்ச யூரியாத் தண்ணிய மாடு குடிச்சா செத்திரும், வாளிய அந்த இடத்தில வைக்காதீங்க. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கண்டுக்கு இது வேணாம். அதோட உப்பும் கனிமக் கட்டியும், காய்ஞ்ச காலத்தில மாடு எலும்பக் கடிச்சுக்கொண்டு நிண்டா பொஸ்பரஸ் குறைஞ்சிட்டு எண்டு விளங்கிக்கொள்ளுங்க.

டவுனில ரோட்டுல திரியிற மாடும் மேயுற மாடுதானே?

இல்ல. அது பொலித்தீன் தின்னுது. சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் சீற் வயித்துக்க பந்தாகி நிண்டா, வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்தே மாடு பட்டினியில சாகும்.

எருமைக் கண்டு பிறந்து ஒரு மாசத்துக்குள்ள செத்துப்போகுது, மேய்ச்சலால வாறதா?

மேய்ச்சல் இல்ல, தாய்ப்பாலாலதான். எருமைக் கண்டுக்கு வாற பெரிய வட்டப்புழு தாய்ட பாலோட பிறந்த முதல் நாளுகளிலயே உள்ள போயிரும், கண்டு வெள்ளையாக் கழியும், வயிறு ஊதும், மயிர் சிலும்பும். பிறந்து பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில ஒருக்காப் புழு மருந்து குடுத்தா காணும், புழு முத்தி முட்டை போட முதல் வெளிய வந்திரும், எந்த மருந்து எவ்வளவு எண்டு கண்டுட நிறையச் சொல்லி மிருக வைத்தியரிட்டக் கேளுங்க. கண்டு பிறந்த திகதிய பட்டிக் கம்பில கரியாலயாவது எழுதி வைங்க, எங்கட வீட்டில அப்பா கலண்டரில சுழிச்சு வைப்பார், பத்தாம் நாள் வந்தா காலையில முதல் வேலை அதுதான்.